முன்கூட்டியே உடைச்ச சாப்பாடு யாருக்கு வேணும்?

நீ அனுப்புன டப்பா படத்துல 'ஹைட்ரோலைஸ்டு'ன்னு பெருசா போட்டிருந்துச்சே, வாங்கலாமா வேண்டாமான்னு ஒரே வரியில பதில் சொல்லிடலாம். ஆனா நம்ம வீட்டுலயே இப்ப ஆளுக்கொரு டப்பா வந்தாச்சு. உன் பிள்ளைக்கு ஒண்ணு, சர்க்கரை இருக்கற அப்பாவுக்கு ஒண்ணு, ஜிம்முக்குப் போற தம்பிக்கு ஒண்ணு, முட்டி வலிக்குதுன்னு அம்மாவுக்கு ஒண்ணு. லேபிளைத் திருப்பிப் பார்த்தா நாலுலயும் நடந்திருக்கறது ஒரே வேலை. அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன், பொறுமையா படி.

பெரிய மூலக்கூறு ஒண்ணைத் தண்ணியோட துணையில சின்னத் துண்டா உடைக்கறதுதான் அந்த வேலை. பள்ளிக்கூடத்துல நீராற்பகுத்தல்னு படிச்சோம். மாவுச்சத்து உடைஞ்சா டெக்ஸ்ட்ரின், அப்புறம் மால்ட்டோஸ், கடைசியில குளுக்கோஸ். புரதம் உடைஞ்சா பெப்டைடு, அமினோ அமிலம். பால்ல இருக்கற லாக்டோஸ் உடைஞ்சா குளுக்கோஸும் கேலக்டோஸும். உடைக்கறது அமிலமா இருக்கலாம், நொதியா இருக்கலாம், மணிக்கணக்கா கொதிக்கற சூடாவும் இருக்கலாம். வெறும் சோத்தை ஒரு வாய் போட்டு முழுங்காம மென்னுட்டே இரு, லேசா இனிக்க ஆரம்பிக்கும். எச்சில்ல இருக்கற அமைலேஸ் அங்கேயே வேலையை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். மிச்சத்தை வயிறும் சிறுகுடலும் பார்த்துக்கும். ஆக, டப்பாவைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இதைச் சாப்பிடப் போற ஆளோட வயித்தால உடைக்க முடியாதா? முடியும்னா எதுக்கு வெளியில காசு குடுத்து உடைச்சு வாங்கணும்?

உன் பிள்ளையில இருந்து ஆரம்பிக்கறேன். பிறந்து சில மாசம் வரைக்கும் குழந்தையோட கணையத்துல அமைலேஸ் ரொம்பக் குறைவு. அதான் ஆறு மாசம் முழுசா தாய்ப்பால் மட்டும், அதுக்கப்புறம் மெதுவா கஞ்சி. இங்கதான் நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க சறுக்கறது. கஞ்சி கெட்டியா இருந்தா குழந்தை துப்புதுன்னு தண்ணியை ஊத்தி ஊத்தி நீர்க்கக் காய்ச்சுவாங்க. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கேழ்வரகு மாவுன்னு வை, அதுல முப்பது கலோரி சொச்சம்தான் இருக்கும். ஆறிலிருந்து எட்டு மாசக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி தேவைங்குது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கைக்குள்ள அடங்கற வயித்துக்கு ஆறேழு டம்ளர் நீர்க்கஞ்சி எப்படிப் போகும்? வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், எடை மட்டும் ஏறாது.

இதுக்கு வழி நம்ம கைவசமே இருக்கு. முளைகட்டின தானியம். முளை விடும்போது தானியம் தனக்குள்ளேயே அமைலேஸை உண்டாக்கிக்கும். அந்த மாவுல ஒரு சிட்டிகை கெட்டிக் கஞ்சியில விழுந்தா, தண்ணியைப் பிடிச்சு வச்சிருந்த மாவுச்சத்து உடைஞ்சு கஞ்சி தானா இளகும். 1980-கள்ல பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்துல தாரா கோபால்தாஸ் குழுவினர் இதை வச்சு நிறைய ஆராய்ச்சி பண்ணினாங்க. மைசூர்ல இருக்கற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் முளைகட்டின கேழ்வரகை வச்சுக் குழந்தை உணவு பண்ணிக் காட்டியிருக்கு. கடையில 'மால்ட்'னு விக்கறதும் இதேதான், அவங்க பார்லியில பண்ணறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்குவம் சொல்றேன். நாகல் நகர் சந்தையில கேழ்வரகு வாங்கினா கல்லு இருக்கும், அரிச்சுட்டு நாலஞ்சு தண்ணி கழுவு. ராத்திரி ஊற வச்சு, காலையில தண்ணியைச் சுத்தமா வடிச்சு, வெள்ளைப் பருத்தித் துணியில கட்டித் தொங்க விடு. திண்டுக்கல் சித்திரை வெயிலுக்கு ஒரு நாள் போதும், முளை எட்டிப் பார்த்துடும். மார்கழியில ரெண்டு நாள் ஆகும். நடுநடுவுல தண்ணி தெளி, ஆனா சொட்டச் சொட்ட வேண்டாம். புளிச்ச வாடையோ பூஞ்சையோ தெரிஞ்சா யோசிக்காம கொட்டிடு, குழந்தை விஷயத்துல சிக்கனம் பார்க்காதே. முளை கால் அங்குலம் வந்ததும் பரப்பிக் காய வச்சு, கையால தேய்ச்சு வேரை ஊதி எடு.

இதுக்கப்புறம்தான் முக்கியமான இடம். எல்லாரும் மொத்தத்தையும் வாசம் வர வறுத்து மில்லுல குடுத்துடறாங்க. வறுத்தா வாசம் வரும், நொதி செத்துரும். அதனால ரெண்டு டப்பாவா பிரி. பெரிய டப்பாவுக்கு வறுத்து அரைச்ச மாவு. சின்ன டப்பாவுக்கு வறுக்காம வெறும் காய வச்சு மிக்ஸியில பொடிச்சது, ஒரு கைப்பிடி போதும். பெரிய டப்பாவில இருந்து மூணு டேபிள்ஸ்பூன் மாவு எடுத்து அரை டம்ளருக்கும் குறைவான தண்ணியில களி மாதிரிக் காய்ச்சு. இறக்கி வச்சு, ஆவி அடங்கி, இன்னும் நல்ல சூடு இருக்கும்போதே சின்ன டப்பாவில இருந்து அரை ஸ்பூன் போட்டுக் கிளறு. கொதிக்கக் கொதிக்கப் போட்டா வேலை செய்யாது, சுத்தமா ஆறினப்புறம் போட்டாலும் செய்யாது. ரெண்டு மூணு நிமிஷத்துல கரண்டி லேசாகறது உனக்கே தெரியும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விடு, பச்சை மாவுல இருக்கற கிருமிக்காக. கடைசியில ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ. உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரைதான். தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல கூடத் தடவாதே. சேனை வைக்கறேன்னு பெரியவங்க யாராவது வந்தா என் பேரைச் சொல்லி மறு. தேன்ல பாட்டுலிசம்ங்கற நோயை உண்டாக்கற கிருமியோட வித்து இருக்க வாய்ப்பிருக்கு.

முளைகட்டறதுல இன்னொரு லாபமும் உண்டு. 100 கிராம் கேழ்வரகுல 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கு, ஆனா ஃபைட்டேட்டுங்கற ஒண்ணு அதையும் இரும்பையும் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கு. ஊறி முளைக்கும்போது ஃபைட்டேஸ் நொதி அந்தக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அவிழ்க்குது. இட்லி மாவு ராத்திரி பூரா புளிக்கறப்பவும் இது நடக்குது. பயறு, கொண்டைக்கடலையை ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில வேக வைக்கச் சொல்றது வேற காரணத்துக்கு: வாயு உண்டாக்கற ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள்ல ஒரு பங்கு அந்தத் தண்ணியோட போயிடும்.

ஆனா ஒண்ணு, முளைகட்டறதெல்லாம் நல்லதுன்னு சோளத்தையும் கட்டிடாதே. சோள முளையில டூரின்னு ஒரு பொருள் இருக்கு, அது உடைஞ்சா வர்றது சயனைடு. சோளத்தை முளையும் வேருமா அரைச்சுக் குழந்தைக்குக் குடுக்கவே கூடாது. மரவள்ளிக் கிழங்கும் இதே கதைதான், அதுல இருக்கறது லினமாரின். தோலைச் சீவி, சின்னத் துண்டா நறுக்கி, தண்ணியில ஊற வச்சு, மூடாம வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடு. நறுக்கும்போதே கிழங்கோட சொந்த நொதி லினமாரினை உடைக்க ஆரம்பிச்சுடும். கொதிக்கும்போது சயனைடு ஆவியாப் போயிடும், மூடி போட்டா எங்க போகும்? கசக்கற கிழங்கைத் தொடவே வேண்டாம்.

இப்ப நீ படம் அனுப்புன டப்பாவுக்கு வர்றேன். அதுல குழந்தை படம் இல்லாதது கம்பெனியோட அடக்கம்னு நினைச்சுக்காதே. குழந்தைப் பால் மாற்று உணவுகளுக்கான 1992-ஆம் வருஷச் சட்டம், 2003-ல இன்னும் இறுக்கினது, அந்தப் படத்தையும் விளம்பரத்தையும் தடுக்குது. ஹைட்ரோலைஸ்டு ஃபார்முலா நிஜமா தேவைப்படற குழந்தைகள் உண்டு. பசும்பால் புரதத்துக்கு அலர்ஜி இருக்கற குழந்தைக்கு, புரதத்தை ரொம்பச் சின்னத் துண்டா உடைச்சுட்டா உடம்பு அதை எதிரியா அடையாளம் கண்டுக்காது. மலத்துல ரத்தம், உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத வாந்தி, எடை ஏறாம இருக்கறது, இந்த மாதிரி இருந்தா குழந்தை டாக்டர்கிட்ட போ, அவர் சொன்னா வாங்கு. அப்பவும் முழுசா உடைச்சதுதான் வேலைக்கு ஆகும். 'பார்ஷியலி'ன்னு போட்ட, அரைகுறையா உடைச்சது அலர்ஜிக்கு மருந்து இல்ல. அது எப்படியும் தாய்ப்பாலுக்கு மேல இல்ல. நீ பால் குடுக்கறவ, தேவைப்பட்டா உன் சாப்பாட்டுல இருந்து பால் பொருளை எடுக்கச் சொல்வார் டாக்டர், அதோட தீரலாம். ஆட்டுப்பால், எருமைப்பால் மாத்திக் குடுக்கற யோசனையும் வேண்டாம், புரதம் ஏறக்குறைய ஒரே சாயல்தான். தெருவுல கழுதையை ஓட்டிட்டு வந்து சங்கு அளவு பால் கறந்து குடுக்கறவங்ககிட்ட வாங்கிக் காய்ச்சாம ஊட்டறது இன்னும் நம்ம பக்கம் நடக்குது. கண்டிப்பா கூடாது.

அந்த ஃபார்முலாவைக் குழந்தை முகம் சுளிச்சுத் துப்பினா ஆச்சரியப்படாதே. உடைஞ்ச புரதம் கசக்கும், அதோட சுபாவம் அப்படி. இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1943-44 வங்கப் பஞ்சத்துல கல்கத்தாவுல பட்டினியால விழுந்தவங்களுக்கு உடைச்ச புரதம் குடுத்துப் பார்த்தாங்க. அடுத்து 1945-ல ஜெர்மனியில பெர்கன்-பெல்சன்ங்கற நாஜி வதைமுகாமை விடுவிச்சப்போ, எலும்பும் தோலுமா கிடந்தவங்களுக்கும் அதையே கொண்டு போனாங்க பிரிட்டிஷ் டாக்டர்கள். குடிக்கக் குடுத்தா அந்த ருசிக்கு வாந்தி வந்துச்சு. ஊசி வழியா ஏத்தலாம்னா, முகாம்ல ஊசின்னா கொல்றதுக்குங்கற அர்த்தம் இருந்ததால ஜனங்க பயந்து அலறினாங்க. கடைசியில கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்த ஆடை நீக்கின பால்தான் கைகொடுத்துச்சு. அறிவியல் எவ்வளவு சரியா இருந்தாலும் நாக்கைத் தாண்டித்தானே உள்ள போகணும்.

அப்பா விஷயத்துல நான் இன்னும் கண்டிப்பா இருக்கேன். பிள்ளைக்கு எது நல்லதோ அதுவே அப்பாவுக்கு ஆகாது. முளைகட்டின கேழ்வரகை நைசா அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சினா, மாவுச்சத்து பாதி உடைஞ்சே வயித்துக்குப் போகுது, ரத்தத்துல சர்க்கரை விறுவிறுன்னு ஏறும். 'கேழ்வரகுதானே, சர்க்கரைக்கு நல்லது'ன்னு டம்ளர் டம்ளரா குடிக்க விடாதே. அவருக்கு அடையோ ரொட்டியோ அளவா, கூடவே கீரையும் பருப்பும். சந்தேகம் இருந்தா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல குத்திப் பார்க்கச் சொல்லு, வாக்குவாதமே வேண்டாம்.

அவருக்கு நீ வாங்கிக் குடுத்த 'சர்க்கரை சேர்க்கப்படாத' பவுடரோட லேபிளைப் படிச்சியா? எடையில எது அதிகமோ அது முதல்ல வரணுங்கறது விதி. அதுல ரெண்டாவதா மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கு. அது பாதியில நிறுத்தின குளுக்கோஸ்தான். நாக்குல அவ்வளவா இனிக்காது, ரத்தத்துல குளுக்கோஸ் மாதிரியே ஏறும். 1811-ல ரஷ்யாவுல கிர்க்கோஃப்ங்கறவர் மாவுச்சத்தை அமிலத்தோட கொதிக்க வச்சுச் சர்க்கரைப் பாகு எடுத்ததுல இருந்து வந்த தொழில் இது. இன்னிக்கு நம்ம ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் விளையற மாதிரியான மக்காச்சோளமும், சேலம் ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளியும் தர்ற ஸ்டார்ச்சுதான் இந்த லிக்விட் குளுக்கோஸுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினுக்கும் மூலம். 'ஹெல்த் டிரிங்க்'ங்கற பேருக்கு நம்ம உணவுச் சட்டத்துல விளக்கமே கிடையாது. அதான் 2024 ஏப்ரல்ல மத்திய வணிக அமைச்சகம், அந்தத் தலைப்புல இருந்து இந்த பானங்களை எடுங்கன்னு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிச்சு. இன்னொண்ணு, பார்லி மால்ட்டுல குளூட்டன் இருக்கு. கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோய்க்காரங்க யாராவது வீட்டுக்கு வந்தா ஞாபகம் வச்சுக்க.

சிறுமலைப் பழம் அவருக்கு உயிர்னு தெரியும். காய் கனியறப்போ மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையா மாறிடுது. கறுப்புத் திட்டு விழுந்து கொழகொழன்னு ஆனதைப் பிள்ளைக்கு மசிச்சுக் குடு, அப்பாவுக்கு இப்பத்தான் மஞ்சளான சின்னதா ஒண்ணு. லாக்டோஸ் இல்லாத பால்னு ஒரு பாக்கெட் கொண்டு வந்து, 'இதுல சர்க்கரையே இல்ல'ன்னு சொன்னாராம். இருக்கு. லாக்டோஸை ரெண்டா உடைச்சிருக்காங்க, அதான் சாதாரணப் பாலை விட இனிக்குது. மொத்தச் சர்க்கரை அதேதான். பால் குடிச்சா வயிறு உப்பி, பேதியாகறவங்களுக்கு அது நல்லது. அவங்களுக்கும் தயிர், மோர் போதுமான்னு முதல்ல பார்க்கலாம், உறையும்போதே லாக்டோஸ் ஓரளவு குறைஞ்சிடும். பால் அலர்ஜிக் குழந்தைக்கு இந்தப் பாக்கெட் உதவாது, புரதம் அப்படியே இருக்கே.

தம்பிகிட்ட நீயே பேசு, நான் சொன்னா கேட்கறதில்ல. ஹைட்ரோலைஸ்டு வே புரதம் சாதாரண வே புரதத்தை விடக் கொஞ்சம் சீக்கிரம் ரத்தத்துக்குப் போகும், நிஜம்தான். ஆனா தசை அரை மணி நேரத்துல வளர்றதில்ல, நாள் பூரா எவ்வளவு புரதம் போச்சுங்கறதுதான் கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்ற அளவை வச்சா, 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். பளு தூக்கறவனுக்குக் கொஞ்சம் கூடவே வச்சுக்கலாம். மூணு முட்டையில 18 கிராம், 50 கிராம் காய்ஞ்ச சோயா உருண்டையில 25 கிராம் சொச்சம், மிச்சம் பருப்பு, பொட்டுக்கடலை, தயிர்லயே வந்துரும். உடம்பு ஏத்தறதுக்குன்னு புரதப் பவுடர் சாப்பிட வேண்டாம்னு 2024 மே மாசம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு. அதை ஃபார்வர்ட் பண்ணி விடு, அவன் நம்பறது போன்ல வர்றதை மட்டும்தானே.

அம்மாவோட கொலாஜன் பவுடரைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு. மாட்டுத் தோல், எலும்பு, மீன் செதில்ல இருக்கற கொலாஜனை உடைச்சு எடுக்கறதுதான் அது. தோல் ஷாப்புகள் நிறைஞ்ச ஊர்ல பிறந்தவளுக்கு அதைத் தங்க விலைக்கு விக்கறாங்க! ஆட்டுக்காலை மணிக்கணக்கா கொதிக்க விட்டா நடக்கறதும் இதேதான், ஆறினா ஜெல்லியா உறையுதே, அது பாதி உடைஞ்ச கொலாஜன். ஜெலட்டினை அமிலத்தோட கொதிக்க வச்சுத்தான் 1820-ல பிரகோனோங்கற பிரெஞ்சுக்காரர் கிளைசின்ங்கற அமினோ அமிலத்தைக் கண்டுபிடிச்சார், அது இனிக்குமாம். ஆனா பவுடரோ சூப்போ, டிரிப்டோஃபான்ங்கற அவசியமான அமினோ அமிலம் அதுல கிடையாது. அதனால 'புரதத்துக்கு இது போதும்'னு பருப்பையும் முட்டையையும் விட்டுடக் கூடாது. பவுடர்னால முட்டி வலி லேசாக் குறைஞ்சதாச் சொல்ற ஆய்வுகள் உண்டு, பெரிய அதிசயம் எதுவும் இல்ல. என் யோசனை கேட்டா, அந்தக் காசுல ஒரு மாசம் பிசியோதெரபி போய்த் தொடைத் தசைக்குப் பயிற்சி எடுத்துக்கட்டும். சூப் பிடிச்சா ஞாயித்துக்கிழமை குடிக்கட்டும், மேல மிதக்கற கொழுப்பை எடுத்துட்டு.

மட்டன் கடிக்க முடியலன்னு அம்மாச்சி சொல்றதுக்குப் பவுடர் எதுவும் வேண்டாம். பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோட அரைச்சு, அரைக் கிலோ கறிக்கு ஒரு டேபிள்ஸ்பூன், முக்கால் மணி நேரம். அதுல இருக்கற பப்பெய்ன் நார்ப் புரதத்தை உடைச்சுக் குடுத்துரும். ராத்திரி பூரா ஊற வச்சா கறி கூழாயிடும். சீரகச் சம்பா பிரியாணிக்குன்னா தயிரும் எலுமிச்சையுமே போதும், பப்பாளி போட்டா பீஸ் உடைஞ்சு சோத்தோட கலந்துடும், அப்புறம் திண்டுக்கல்காரின்னு வெளியில சொல்லிக்க முடியாது.

கடைசியா, அம்மா ராத்திரி கலக்கிக் குடிக்கற பாக்கெட் சூப். அதுல 'ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்'னு இருக்கும். சோயாவையோ மக்காச்சோளத்தையோ கோதுமைப் புரதத்தையோ அமிலத்துல கொதிக்க வச்சு, அந்த அமிலத்தைக் காரம் சேர்த்து அடக்கும்போது உப்பு உண்டாகிடுது. அஜினமோட்டோ சேர்க்கலைன்னு முன்னாடி போட்டிருந்தாலும், உடைஞ்ச புரதத்துல இருந்தே குளூட்டமேட் வந்துரும், அதான் அந்த ருசி. பேர்ல புரோட்டீன் இருக்கே தவிர அதுல சத்துக்குன்னு எதுவும் சேர்க்கலை, ருசிக்குத்தான். பிபி மாத்திரை போடறவங்க லேபிள்ல சோடியம் எவ்வளவுன்னு பார்க்கணும். 100 கிராமுக்குன்னு இருந்தா ஒரு கப்புக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடு. ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராமுக்குள்ள நிறுத்தணும். பருப்பு வேக வச்ச தண்ணியில மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ஒரு ரசம் வச்சுக் குடு, உப்பு உன் கையில இருக்கும்.